குளிர்நாட்டு வீடு: சூடு, காற்று, ஈரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலம் தொடங்கியதும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். கேள்வி சூட்டுச் செலவைப் பற்றித் தொடங்கினாலும், பதில் பெரும்பாலும் ஈரத்தில்தான் போய் முடிகிறது. குளிர்நாட்டில் வெப்பத்தை மிச்சப்படுத்தும் வேலையும் வீட்டை அழுகாமல் காக்கும் வேலையும் ஒரே வேலைதான். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்யப் போகும்போதுதான் தொல்லை வருகிறது. வேறு ஊர் குறிப்பிடாத இடங்களில் தெற்கு ஒன்டாரியோவின் மரச்சட்ட வீடுகளையே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. ஃபர்னஸ் நாள் முழுக்க ஓடுது. சூடு எந்த வழியாகத்தான் வெளியே போகுது?

இரண்டு வழிகளில் போகிறது. சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றின் ஊடாக வெப்பம் கடந்து போவது ஒன்று. சூடான காற்றே இடுக்குகள் வழியாக வெளியேறி, அதற்கு ஈடாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருவது மற்றொன்று. முதலாவதைக் குறைப்பது வெப்பக்காப்பு. இரண்டாவதைக் குறைப்பது காற்றடைப்பு. கடையில் மூட்டை மூட்டையாக விற்பது முதலாவது என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். பழைய வீடுகளில் குறைந்த செலவில் கூடுதல் பயன் தருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

சூடான காற்று மேலே எழுந்து, கூரைக்கும் மேல்தள உட்கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடமான அட்டிக் வழியாகக் கசியும்போது, அது விட்ட இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் இடுக்குகள் வழியாக வெளிக்காற்று இழுக்கப்படுகிறது. கால் சில்லிடுவதற்குத் தரையைக் குறை சொல்கிறோம். காரணம் பல வீடுகளில் மாடிக்கூரையில் இருக்கிறது. குளிர் மிகுந்த ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். வெளிச்சுவரில் உள்ள பிளக் பெட்டிகள், அட்டிக் மூடி, கூரையில் பதித்த விளக்குகள், கழிவுநீர்க் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடம், பேஸ்மென்ட்டின் கான்கிரீட் சுவர்மேல் மரச்சட்டம் உட்காரும் விளிம்பு ஆகிய இடங்களில் புகை நேராக எழாமல் சட்டென்று ஒரு பக்கமாகச் சாயும்.

2. ஆர்-20, ஆர்-60 என்று சொல்கிறார்களே, அந்த எண் எதைக் குறிக்குது?

வெப்பம் கடந்து போவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் குறிக்கிறது. எண் இரட்டித்தால், அதன் வழியாகப் போகும் வெப்பம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். அட்டிக்கின் பரப்பு 100 சதுர மீட்டர், உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆர்-20 இருந்தால் அட்டிக் வழியாக ஏறத்தாழ 880 வாட் போகும். ஆர்-60 ஆக்கினால் அது ஏறத்தாழ 290 வாட் ஆகிவிடும். மிச்சம் 590 வாட். அங்கிருந்து ஆர்-100க்குப் போனால் 175 வாட். இம்முறை மிச்சம் 115 வாட் மட்டுமே. முதல் நாற்பதுக்கும் அடுத்த நாற்பதுக்கும் ஒரே விலை, ஆனால் பயன் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே எதையும் அளவின்றி அடுக்குவதில் பொருளில்லை. ஏற்கெனவே தடித்த இடத்தில் மேலும் போடுவதைவிட, மிக மெலிந்திருக்கும் இடத்தைத் தேடுவதே ஆதாயம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பொதியின்மேல் அச்சிட்ட எண் சுவரின் எண் அல்ல. சுவரில் ஆர்-22 கண்ணாடிப் பஞ்சு அடைத்தாலும் இடையிடையே நிற்கும் மரக்கட்டைகள் ஏறத்தாழ ஆர்-7 மட்டுமே தருவதால், சுவர் முழுமைக்கும் உண்மையில் கிடைப்பது ஆர்-17ஐ ஒட்டியே இருக்கும். பஞ்சைக் கசக்கித் திணித்திருந்தால் அதுவும் கிடைக்காது.

3. நம்ம ஊர்ல செங்கல், கான்கிரீட். இங்கே மரத்துல கட்டுறாங்க. இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

செங்கல் சுமையைத் தாங்கும், குளிரைத் தடுக்காது. நான்கு அங்குலச் செங்கலும் சரி, எட்டு அங்குலக் கான்கிரீட்டும் சரி, ஆர்-1ஐக்கூட எட்டுவதில்லை. ஸ்கார்பரோவில் செங்கல் வீடு என்று விற்கப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் செங்கல் வெறும் வெளித்தோல்; கூரையைத் தாங்கி நிற்பது அதன் பின்னால் உள்ள மரச்சட்டம்.

மரம் உலர்ந்திருக்கும்வரை கெடுவதில்லை. நார்வேயில் ஊர்னெஸ் என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதன் மரம் மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. மரம் அழுகுவதற்கு வயது காரணமல்ல, வற்றாத ஈரமே காரணம். இப்பக்கத்தின் பிற்பாதி முழுவதும் அதைப் பற்றியதுதான்.

4. ஆள் வந்து அட்டிக்கில் ஆர்-60க்குப் பஞ்சு ஊதிவிட்டுப் போனா போதும்தானே?

போதாது. வரிசை மாறினால் கெடுதலும் நேரலாம். காற்றை வடிகட்டிக்கொண்டே விடும் பஞ்சு காற்றைத் தடுப்பதில்லை; கம்பளிச் சட்டை போட்டவர் எதிர்காற்றில் நின்றால் எப்படியோ அப்படித்தான். பழைய அட்டிக்கில் இளஞ்சிவப்புப் பஞ்சைத் தூக்கிப் பார்த்தால், ஆங்காங்கே அடிப்புறம் கரி அப்பியதுபோல் சாம்பல் நிறமாக இருக்கும். அது பூஞ்சை என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது தூசி. பல ஆண்டுகளாக வீட்டுக் காற்று அந்த இடத்தின் வழியாக மேலேறியதன் தடம். அந்தக் கறையைப் பின்தொடர்ந்து போய் அடியிலுள்ள ஓட்டையை நுரையாலோ பசையாலோ அடைத்த பிறகுதான் மேலே ஊத வேண்டும்.

அடைக்காமல் ஊதினால், அட்டிக் முன்னைவிடக் குளிரும்; கசியும் ஈரக்காற்றோ முன்போலவே வந்துகொண்டிருக்கும். பிப்ரவரியில் கூரைப் பலகையின் அடிப்புறத்தில் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருப்பதைக் காணலாம். வெயில் வந்ததும் அது உருகிப் பஞ்சின்மேல் சொட்டும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிடுவார். குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்துவிடும் வீடுகளும் உண்டு. அதையும் அன்றே பார்த்துவிடுங்கள். கூரை ஓரத்துக் காற்றுத்துளைகளை ஊதிய பஞ்சு மூடாதபடி தடுப்பும் வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: 1990க்கு முன் கட்டிய வீட்டு அட்டிக்கில் மினுமினுப்பான சிறு கற்கள்போல வெர்மிகுலைட் கிடந்தால், அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். கிளறாமல், முதலில் சோதனைக்குக் கொடுங்கள்.

5. அண்ணை, யன்னல் கண்ணாடியில விடியக்காலமை தண்ணி வடியுது. யன்னலை மாத்த வேணுமோ?

முதலில் ஓர் ஈரப்பத மானியை வாங்கி அறையில் வையுங்கள். 21 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். 50 விழுக்காடு என்றால் அந்த எல்லை 10 டிகிரிக்கு ஏறிவிடும். வெளியே மைனஸ் 10 இருக்கும் இரவில் பழைய இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதி ஏறத்தாழ 10 டிகிரியில் நிற்கும். சட்டத்தை ஒட்டிய விளிம்பு அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே விளிம்பில் மட்டும் ஈரம் என்றால் அது அந்த ஜன்னலின் இயல்பு. கண்ணாடி முழுவதும் வடிந்தால் வீட்டுக்குள் ஈரம் மிகுந்திருக்கிறது என்று பொருள்.

நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 10 லிட்டரை ஒட்டிய நீர் காற்றில் கலக்கிறது. மூடாமல் கொதிக்கும் சோற்றுப் பானை, பேஸ்மென்ட் கொடியில் தொங்கும் துணி, குளிருக்காக உள்ளே கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டிகள் என்று நம் வீடுகளில் அது கூடவே இருக்கும். கடுங்குளிர் நாள்களில் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கு இறக்கப் பாருங்கள். இரவில் கனத்த திரையை இழுத்து மூடினால் அறைச்சூடு கண்ணாடியை எட்டாமல் ஈரம் இன்னும் கூடும்; கீழே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வடிந்தால் ஜன்னலை மாற்றுவது பற்றிப் பேசலாம். அப்போதும் கண்ணாடி வடிவது ஒரு வகையில் நல்ல அறிவிப்பு. அதே ஈரம் சுவருக்குள்ளும் படிந்துகொண்டிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

6. எல்லா இடுக்கையும் அடைச்சா வீடு எப்படி மூச்சு விடும்? ஊர்ல ஜன்னல் திறந்தே கிடக்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகலையே?

மூச்சு விட வேண்டியது வீடு அல்ல, அதில் இருப்பவர்கள். நாகர்கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால் திறந்த ஜன்னலே போதுமானது. இங்கே நாற்பது டிகிரி வேறுபாடு நிலவும் இரவில், இடுக்கு வழியாகப் போகும் ஒவ்வொரு மூச்சும் போகும் வழியிலேயே குளிர்ந்து தன் ஈரத்தைச் சுவருக்குள் விட்டுச்செல்லும். தவிர, இடுக்குகள் நமக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு காற்றைத் தருவதில்லை. புயலடிக்கும் நாளில் மிதமிஞ்சியும், காற்றில்லாத இளங்குளிர் நாளில் ஒன்றுமே இல்லாமலும் போகும். வருவதும் பேஸ்மென்ட் மண்ணையும் கராஜையும் தொட்டுக்கொண்டு வருவது. இறுக்கிக் கட்டி, காற்றை விசிறியால் அளந்து விடுவதே இந்தத் துறையில் நிலைபெற்ற முறை.

7. எச்.ஆர்.வி. சும்மா இரைஞ்சுகொண்டு நிக்குது, நான் நிப்பாட்டிப் போட்டன். பரவாயில்லையோ?

பரவாயில்லை என்று சொல்வதற்கில்லை. குளியலறையிலும் சமையலறையிலும் இருந்து பழைய காற்றை எடுத்து வெளியே அனுப்பும்போதே, வெளியிலிருந்து வரும் புதுக்காற்றை அதன் பக்கத்தில் மெல்லிய தகடுகளுக்கு அப்பால் ஓடவிட்டு, போகிற வெப்பத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை மீட்டுத் தருவதே அந்தப் பெட்டியின் வேலை. இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. புது வீடுகளை இறுக்கமாகக் கட்டியிருப்பது அது ஓடும் என்னும் நம்பிக்கையில்தான். நிறுத்தினால் 5ஆம் கேள்வியில் சொன்ன நீர் கண்ணாடியில் வந்து நிற்கும்.

இரைச்சல் பெரும்பாலும் அழுக்கடைந்த வடிகட்டியாலோ, வெளிச்சுவரில் இலையும் பஞ்சும் அடைத்த காற்றுவாயாலோ வருகிறது. இரண்டையும் சில மாதங்களுக்கு ஒருமுறை துடைப்பது வீட்டுக்காரரின் வேலை. இதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டே பேர் வாழும் பெரிய வீட்டில் உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று உலர்கிறது என்றால், ஈரத்தையும் ஓரளவு மீட்கும் இ.ஆர்.வி. பொருத்தமாக இருக்கும்.

8. மீன் பொரிச்சா மூணு நாள் மணக்குது. நல்ல பெரிய ஹூட்டா போடலாமா?

போடலாம். அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்து காற்று வரும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் ஹூட்டை இறுக்கமான வீட்டில் ஓட்டினால், வழி கிடைக்காத காற்று புகைபோக்கி வழியாகவே உள்ளே வரப் பார்க்கும். பேஸ்மென்ட்டில் இயற்கை இழுப்பில் இயங்கும் பழைய எரிவாயு வெந்நீர்க்கலன் இருந்தால், அதன் புகையும் கார்பன் மோனாக்சைடும் திரும்பி வீட்டுக்குள் நுழையும். பெரிய ஹூட் வைப்பவர்கள் ஈடுகாற்றுக்குத் தனி வழியும், ஒவ்வொரு படுக்கையறைப் பக்கமும் கார்பன் மோனாக்சைடு மணியும் வைத்தே ஆக வேண்டும்.

மிதமான ஹூட்டையே சரியாகப் பயன்படுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும். பின்வரிசை அடுப்பில் பொரியுங்கள். அங்கிருந்துதான் புகை நன்றாகப் பிடிபடும். தாளிப்பதற்கு முன்பே விசிறியைப் போட்டு, இறக்கிய பிறகும் சற்று நேரம் ஓடவிடுங்கள். காற்றை வடிகட்டி மீண்டும் சமையலறைக்குள்ளேயே விடும் வகை ஹூட்டால் ஈரம் சிறிதும் குறையாது.

9. நம்ம வீடு எவ்வளவு கசியுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

புளோவர் டோர் சோதனை செய்ய வேண்டும். ஆற்றல் ஆலோசகர் வாசற்கதவு நிலையில் துணித்திரை ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் நடுவே பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பார். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த காற்று நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வீசுவதற்கு அது சமம். அந்நிலையில் வீட்டின் மொத்தக் காற்றும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதே விடை. கனடாவில் 1982இல் தொடங்கிய ஆர்-2000 என்னும் வீட்டுத் தரம் (இது வெப்பக்காப்பு எண் அல்ல) கேட்பது 1.5, மிகக் குறைந்த சூட்டுச் செலவில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரம் கேட்பது 0.6. பழைய வீடுகளில் 5, 10 என்று வருவது இயல்பு.

எண்ணைவிட அந்தச் சோதனை நடக்கும் அரைமணி நேரம்தான் மதிப்புள்ளது. விசிறி ஓடும்போது உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போனால், 1ஆம் கேள்வியில் ஊதுபத்தி காட்டிய இடங்களில் எல்லாம் காற்று கையில் குத்தும். அடைப்பு வேலை செய்பவரையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

10. பாசிவ் ஹவுஸ் ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சதாமே? கனடாவுல இதெல்லாம் யாரும் ஆராயலையா?

கனடா அதற்கு முன்பே செய்திருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சஸ்காச்சுவான் மாநில அரசு தன் காலநிலைக்கு ஏற்ற சூரிய வீடு ஒன்றைக் கேட்டது. கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பொறியாளர் ஹெரால்ட் ஓரும் அவருடைய குழுவினரும் கணக்குப் போட்டுப் பார்த்து, மைனஸ் 30க்குக் கீழே இறங்கும் ரெஜைனா நகரில் வெயிலைப் பிடிப்பதைவிடச் சூட்டை விடாமல் வைத்திருப்பதே அறிவு என்னும் முடிவுக்கு வந்தார்கள். 1977இல் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் எழுந்தது. சுவர் ஆர்-40க்கு மேல், கூரை ஆர்-60, காற்றுக்கசிவு 0.8, வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் கருவி, ஃபர்னஸ் கிடையாது. கேட்டுக்கொண்டபடி சூரியக் குழாய்த் தகடுகளையும் பொருத்தினார்கள். அவைதான் செலவும் பராமரிப்புத் தொல்லையும் தந்து பின்னர் அகற்றப்பட்டன. தடித்த சுவரும் இறுக்கமும் யாருடைய கவனிப்பும் இன்றித் தம் வேலையைச் செய்தன.

எண்ணெய் விலை இறங்கியதும் இங்கே ஆர்வமும் இறங்கியது. ஸ்வீடனின் போ ஆடம்சனும் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் இவ்வகை முன்னோடி வீடுகளைப் படித்து, கணக்கை இன்னும் கூர்மையாக்கி, 1991இல் டார்ம்ஷ்டாட் நகரில் முதல் பாசிவ்ஹவுஸைக் குடியேறும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி என்னும் சூட்டு வரம்பு அவர்களுடையது. கூரைமேல் சூரியத் தகடு வைப்பதற்கு முன் அட்டிக் மூடிக்கு ரப்பர் விளிம்பு ஒட்டுங்கள் என்று நான் சொல்லும்போது முகம் சுளிப்பவர்களுக்கு ரெஜைனா வீட்டைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

11. மைனஸ் 20ல ஹீட் பம்ப் வேலை செய்யுமா, செய்யாதா?

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் எடுத்து வீட்டுக்குள் விடும் கருவி. குளிர்நாட்டுக்கென்று செய்த வகை செய்யும். மைனஸ் 25 வரையும் அதற்குக் கீழேயும் இயங்கும் கருவிகள் விற்பனையில் உள்ளன. குளிரக் குளிர அதன் ஆதாயம் குறையும். 8 டிகிரியில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் வெப்பம் தருவது, மைனஸ் 15இல் இரண்டு பங்கை ஒட்டித் தரும். டொராண்டோ குளிர்காலத்தில் பெரும்பாலான மணிநேரம் மைனஸ் 10க்கு மேலேதான் கழிகிறது என்பதால் மொத்தக் கணக்கில் அது பாதகமல்ல.

தவறு நடப்பது அளவில். ஃபர்னஸின் பழைய எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்கிவிடுகிறார்கள். சி.எஸ்.ஏ. எஃப்280 என்னும் கனடியத் தரமுறைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தரும்படி நிறுவுபவரிடம் கேளுங்கள். அதுவும் 4ஆம் கேள்வியில் சொன்ன அடைப்பு வேலை முடிந்த பிறகு. சிறிய கருவியே போதும் என்று அப்போது தெரியவரும். வெளிப்பெட்டியை வெண்பனி மூடாத உயரத்தில் தாங்கி வைத்து நிறுத்த வேண்டும். குளிர்நாளில் அதிலிருந்து குபுகுபுவென்று வெண்புகை எழுந்தால் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டாம். தன்மேல் படிந்த பனியை அது உருக்கிக்கொள்கிறது.

12. கூரை ஓரத்துல பெரிய பெரிய ஐஸ் தொங்குது. ஹீட்டிங் கேபிள் போட்டா சரியாகிடுமா?

அந்தப் பருவத்துக்கு உயிர்ப்பிச்சை கிடைக்கும், நோய் தீராது. அட்டிக்கில் கசியும் சூடு கூரைமேல் உள்ள பனியை அடியிலிருந்து உருக்குகிறது. வழியும் நீர் குளிர்ந்த கூரை ஓரத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து அணையாகிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கு அடியில் ஏறி உள்ளே ஒழுகுகிறது. மருந்து 4ஆம் கேள்வியில் உள்ளதே. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் தெருவில் நடந்து பாருங்கள். கூரை முழுவதும் வெண்மை கலையாத வீடு நல்ல அட்டிக் உடையது. பனி திட்டுத்திட்டாக உருகிய கூரை, சூடு எங்கே கசிகிறது என்பதைத் தெருவுக்கே காட்டிக்கொடுக்கிறது.

13. சுவருக்குள்ள பிளாஸ்டிக் தாள் எந்தப் பக்கம் வரணும்? ஆளுக்கொன்று சொல்றாங்க.

கனடாவில் வீட்டின் உட்பக்கம், உட்சுவரை மூடும் ஜிப்சம் பலகையான டிரைவாலுக்கு உடனே பின்னால். ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நோக்கிப் போவதால், குளிர்ந்த பலகையை எட்டும் முன் அதைத் தடுக்க வேண்டும். குளிரூட்டிய அறைக்கு வெளியே ஆண்டு முழுவதும் வெக்கை நிலவும் ஊர்களில் இதே தாள் உட்பக்கம் இருந்தால் கெடுதல். ஆளுக்கொன்று சொல்வதன் காரணம், அவர்கள் படித்த அறிவுரை வேறு வேறு காலநிலைக்கு எழுதப்பட்டது.

ஆனால் தாளைவிட முக்கியம் ஓட்டை. குளிர்காலம் முழுவதும் நான்கடிக்கு எட்டடி டிரைவாலின் ஊடாக ஊடுருவிப் போகும் ஈரம் ஒரு தம்ளர் அளவு என்றால், அதே பலகையில் உள்ள ஒரு சதுர அங்குல ஓட்டை வழியாகக் காற்றோடு போவது ஏறத்தாழ நூறு மடங்கு. மேலே சொன்ன பிளக் பெட்டிகளைச் சுற்றி அடைக்காமல் தாளின் தடிமனைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

14. பேஸ்மென்ட்டை முடித்து வாடகைக்கு விடப் போறேன். அதே மாதிரி பஞ்சும் பிளாஸ்டிக்கும் வைத்தால் போதுமா?

அங்கே நிலைமை வேறு. கான்கிரீட்டுக்கு வெளியே ஈரமண் இருக்கிறது. கோடையிலும் அந்தச் சுவர் குளிர்ந்தே கிடக்கும். அதன்மேல் நேராகப் பஞ்சை வைத்து உள்ளே பிளாஸ்டிக்கை இழுத்தால், மண்ணிலிருந்து வரும் ஈரமும் கோடைக்காற்றின் ஈரமும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். இரண்டு கோடை கழித்து டிரைவாலைப் பிரித்தால் மணமே விஷயத்தைச் சொல்லிவிடும். கெட்டி நுரைப்பலகையை இடைவெளி இல்லாமல் கான்கிரீட்டோடு ஒட்டி, இணைப்புகளை நாடாவால் மூடி, அதற்கு உள்ளே மரச்சட்டம் நிறுத்துவதே நம்பகமான வழி. உட்பக்கம் பிளாஸ்டிக் வேண்டாம்.

அதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். கூரை நீர்க்குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, நிலம் வீட்டை நோக்கிச் சரிகிறதா? மழைநீர் விலகிப் போக வழி செய்யாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

15. எங்களோடது புது வீடு. இதெல்லாம் பழைய வீட்டுக்காரங்க கவலைதானே?

வான்கூவர் பக்கம் 1980களின் நடுவிலிருந்து 1990களின் இறுதிவரை கட்டிய அடுக்ககங்களும் அன்றைக்குப் புதியவைதான். வெயில் நாட்டு பாணியில், கூரை நீட்டமே இல்லாமல், சுவர்முகத்தில் பூச்சு மட்டும் பூசி எழுப்பினார்கள். ஜன்னல் மூலைகளில் நுழைந்த மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கியது. பத்தாண்டுக்குள் மரச்சட்டங்கள் கையால் பிய்க்கும் அளவுக்கு அழுகின. முன்னாள் மாநில முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று. வெப்பக்காப்பும் இறுக்கமும்தான் வீடுகளை அழுகவைத்தன என்று அப்போது பலர் பேசினார்கள். நீர் வெளியிலிருந்து வந்தது என்பதே முக்கியக் காரணம். ஆனால் பழைய சூடு கசியும் சுவர் நனைந்தாலும் தானே உலர்ந்துவிடும், நன்றாகக் காப்பிட்ட சுவர் அவ்வளவு எளிதில் உலராது என்பதும் உண்மை. சூட்டை மிச்சப்படுத்தும் சுவர், மழையைத் தடுப்பதில் பழையதைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

நீண்ட கூரை விளிம்பு, ஜன்னலுக்கு மேலும் கீழும் தகடு, வெளித்தோலுக்குப் பின்னால் நீர் வடிந்து காற்றாடும் ஒரு சிறு இடைவெளி: புது வீடு வாங்குபவர் சமையலறைக் கல்லைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் இம்மூன்றையும் கேட்கலாம்.

16. சுவருக்கு வெளியே நுரைப்பலகை ஒட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டு அழுகாதா?

எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. போதுமான தடிமனில் வெளியே போட்டால் மரப்பலகை சூடாகவே இருக்கும். சூடான பலகையில் ஈரம் படியாது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் 1999இல் தொடங்கிய குளிர்நாட்டு வீட்டு ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பரப்பிய ரிமோட் சுவர் இதுதான். பலகைமேல் நீர்புகாத் தாள், அதற்கு வெளியே நுரை, மொத்த வெப்பக்காப்பில் மூன்றில் இரண்டு பங்கு வெளிப்புறம்; உள்ளே பிளாஸ்டிக் கிடையாது. டொராண்டோவின் குளிருக்கு வெளிப்புறப் பங்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஆபத்து அரைகுறையில் இருக்கிறது. வெளித்தோல் மாற்றும்போது ஒப்பந்தக்காரர் ஓர் அங்குல நுரையை மட்டும் ஒட்டி, உள்ளே பழைய பிளாஸ்டிக்கும் இருந்தால், பலகை குளிர்ந்தும் இருக்கும், இருபுறமும் உலர வழியும் இராது. தடித்த நுரைக்கு இடமோ பணமோ இல்லை என்றால், நீராவியைத் தடுக்காத பாறைப்பஞ்சுப் (ராக்வூல்) பலகையைக் கேளுங்கள்.

17. வடக்கே வேலை கிடைச்சிருக்கு. இங்கே கட்டுற மாதிரியே அங்கேயும் கட்டலாம்தானே?

சுவரைத் தடிக்கச் செய்யலாம். அடித்தளத்தை அப்படியே கொண்டுபோக முடியாது. டொராண்டோவில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, 1.2 மீட்டரில் அடித்தளம் வைக்கிறோம். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில் வீட்டின் சூடே அடிமண்ணின் பனியை உருக்கி, வீட்டை ஒரு பக்கமாக இறக்கிவிடும். அதனால் அங்கே தூண்களின்மேல் ஏற்றி அடியில் குளிர்காற்று ஓடவிடுகிறார்கள், அல்லது நிலம் இறங்கும்போது மட்டம் திருத்தும்படி அடித்தளம் அமைக்கிறார்கள்.

பொருள் கொண்டுபோவதும் வேறு கதை. அலாஸ்காவின் அனாக்டுவுக் பாஸ் ஊருக்குச் சாலை இல்லை. ஃபேர்பேங்க்ஸ் நிலையம் 2009இல் அங்கே கட்டிய மாதிரி வீட்டில், விமானத்தில் வரவேண்டிய பொருளைக் குறைத்து, நூனாமியுட் மக்களின் பழைய புல்மண் வீடுகளைப் பின்பற்றிச் சுவரைச் சுற்றி மண்ணணைத்தார்கள். தெற்கிலிருந்து வரைபடம் எடுத்துச் செல்பவர் முதலில் அங்கே வாழ்பவர்களிடம் பனி எந்தப் பக்கம் குவியும் என்று கேட்பது நல்லது.

18. வீட்டை இறுக்கினால் ரேடான் கூடும் என்கிறார்களே?

ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. அது கூடலாம், குறையவும் செய்யலாம். பேஸ்மென்ட் வெடிப்புகளை மட்டும் அடைத்தால் குறையும். மண்பக்கம் திறந்திருக்க மற்றதை இறுக்கினால் கூடும். ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். குளிர்காலத்தில் மூன்று மாதங்களாவது சோதனைக்கருவியை மிகக் கீழே குடியிருக்கும் தளத்தில் வையுங்கள். கனடாவின் வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 200 பெக்கரல். அதைத் தாண்டினால் தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்துவது நன்கு தேர்ந்த தீர்வு.

19. எல்லாமே மின்சாரத்துல ஓடினா, கரண்ட் போச்சுன்னா என்ன செய்றது?

எரிவாயு ஃபர்னஸும் மின்விசிறி இல்லாமல் ஓடாது என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் மூன்று இலட்சம் இணைப்புகள் இருண்டன. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. அந்நிலையில் கசியும் வீடு ஒரே இரவில் தங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். இறுக்கமாகவும் தடித்த காப்போடும் கட்டிய வீடு அதே குளிரில் பல மடங்கு மெதுவாக இறங்கும். குழாய் உறையும் நிலைக்கு வர நாள்கள் ஆகும்.

அப்போது எச்.ஆர்.வி.யும் நின்றிருக்கும். மேல்மாடி ஜன்னல் ஒன்றை அவ்வப்போது சிறிது நேரம் திறந்து மூடுங்கள். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் கராஜுக்குள்கூட வைக்கக் கூடாது. அந்த உறைமழை நாள்களில் கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தவர்கள் உண்டு. உள்வெப்பம் 5 டிகிரியை நெருங்கினால் தலைமை நீர்க்குழாயை மூடி, மிகக் கீழேயுள்ள குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டு, உறவினர் வீட்டுக்குக் கிளம்புங்கள்.